கறிக்குப் போன சக்கரம்

பழைய கிரீஸ் மணமும் பச்சை மீன் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், என் உள்ளங்கைகள் இரண்டும் இன்றைக்கும் எரியத் தொடங்கிவிடும். தனித்தனியாக வந்தால் ஒன்றும் இல்லை. மீன் சந்தைக்குப் போகிறேன், வருகிறேன். சைக்கிள் திருத்துகிற கடையில் நிற்கிறேன், வருகிறேன். இரண்டும் சேர்ந்துவிட்டால்தான் வில்லங்கம். திரியாய்க்குப் போகிற வழியில், கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு நெற்களஞ்சியத்தின் முற்றம் கண்முன் விரிந்துவிடும். போன வருடம், ஆடி மாதம். கச்சான் காற்று காய்ந்த வயலைத் தடவிக்கொண்டு வந்து கடலுக்குள் குதிக்கிற காலம்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மருந்தில்லாத வருத்தம். எங்கேயாவது பழைய சாமான் ஏலம் என்று காதில் விழுந்தால் வீட்டில் இருக்க ஏலாது. லிங்கநகரில் எங்கள் பின்வளவில் பிடியில்லாத மண்வெட்டிகள், முனை மழுங்கிய அலவாங்குகள், மருந்தடிக்கிற பித்தளைத் தாங்கி, எந்த மாட்டையும் காணாத கலப்பைக் கொழு எல்லாம் கிடக்கின்றன. வெயில் சாய்கிற நேரம் அவற்றின் மேல் விழுகிற செம்மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நான் தேத்தண்ணீரை ஆறவிட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர், வருகிற ஆட்களுக்கு வளவைக் காட்டி, "இது மனுசியின்ட தோட்டம். இரும்பு நட்டிருக்கிறா. இன்னும் முளைக்கேல்லை" என்பார்.

இப்படியான ஏலம் ஒன்றில்தான், திரியாயில் தோட்டம் செய்கிற என் தம்பிக்கு நான் ஒரு பழைய தண்ணீர் மெசின் எடுத்துக் கொடுத்திருந்தேன். கிணற்றடியில் நின்று கிழட்டு யானை மூச்சு விடுவது மாதிரி வேலை செய்யும். ஒரு பக்கத்தில் பெரிய இரும்புச் சக்கரம். அது சுழல்கிற கனத்தில்தான் மெசினின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சக்கரம் ஒருநாள் வெடித்துவிட்டது. வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரம். தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, நீ வாங்கித் தந்த மெசின் செத்துப்போச்சு. வெங்காயமும் பின்னாலயே போகப்போகுது. செத்தவீட்டுக்கு வாறியா, இல்லாட்டி எட்டுச் செலவுக்கு வாறியா?"

நகரத்தில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. ஒரு கடைக்காரர் போனில் இருந்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாமான் தேடுறதை விட்டிட்டு, மெசினுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கோ" என்றார். புது மெசின் வாங்க வேண்டுமென்றால் வெங்காயம் விற்க வேண்டும். வெங்காயம் விற்க வேண்டுமென்றால் மெசின் ஓட வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் பின்னேரத்தில் தன் பம்பைக் கொஞ்ச நேரம் இரவல் தந்தார். அந்தத் தண்ணீர் பாத்திகளின் உதட்டை நனைத்ததே தவிர, தொண்டைக்குள் இறங்கவில்லை. தாள்கள் நுனியில் மஞ்சளித்து மடங்கத் தொடங்கியிருந்தன.

அப்போதுதான் அந்தக் களஞ்சியத்தில் ஏலம் என்ற கதை வந்தது. அதே இன மெசின் ஒன்று அங்கே கிடக்கிறதாம். மெசின் போனாலும் சக்கரம் நல்லதாம். நான் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். தம்பியும் திரியாயிலிருந்து வந்து நின்றான்.

களஞ்சியத்துக்காரரின் பிள்ளைகள் கொழும்பில் இருந்தார்கள். சாமான்களை விற்கிற பொறுப்பைக் காவலாளியிடம் விட்டிருந்தார்கள். அவர் குரல் உள்ள ஓர் ஆளைத் தேடி, குச்சவெளிப் பக்கத்துக் கரையிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்திருந்தார். சொந்தமாகக் கரைவலை வைத்திருக்கிறவர். தன் வலை மீனையும் மற்றவர்களின் மீனையும் மணலில் நின்று தானே ஏலம் கூறுகிறவர். மடித்துக் கட்டிய சாரம், வெள்ளைத் தொப்பி, சங்கு ஊதினது போலத் தொண்டை. எல்லோரும் அண்ணன் முறை வைத்து "நானா" என்று கூப்பிட்டோம். வலை இழுக்கிற தன் ஆட்களையும் சாமான் தூக்கக் கூட்டி வந்திருந்தார்.

மீனைத் தவிர வேறெதையும் அவர் விற்றதில்லை என்பது முதல் கூறிலேயே தெரிந்துவிட்டது. சாக்குகளை விரித்து, இரும்புச் சாமான்களைக் கூறு கூறாகப் பரப்பி, ஒவ்வொரு கூறின் மேலும் வாளித் தண்ணீரை அள்ளித் தெளித்தார். காவலாளி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"நானா! இரும்புக்குத் தண்ணி ஊத்தாதீங்கோ, கறள் பிடிக்கும்!"

"காஞ்சு கிடந்தா சனம் பழசெண்டு நினைக்கும் தம்பி," என்று இன்னொரு கை தெளித்தார் நானா.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கரை வழமைதான் இஞ்சயும். எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டார். "ஓம்" என்றது கூட்டம். அந்த ஓமில் என்னுடைய ஓம்தான் பெரிது. கரை வழமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, என் மெசின் கடைசிக் கூறில் இருந்தது, ஏலம் சீக்கிரம் தொடங்க வேண்டும். அதற்காக நான் எதற்கும் ஓம் சொல்லியிருப்பேன்.

"பாருங்க, பாருங்க! கண்ணப் பாருங்க, செவுளப் பாருங்க! ஐஸ்ல கிடந்த சாமான் இல்ல!" மருந்தடிக்கிற தாங்கி ஒன்றின் மூடியைத் திறந்து எல்லோருக்கும் வாயைக் காட்டினார். நீளமான இரும்புக் குழாய் ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கித் திருப்பினார். சனம் சிரித்துச் சிரித்தே கேள்வி விலையை ஏற்றிவிட்டது. ஒவ்வொரு கூறும் விற்கப்பட்டதும் நானா குனிந்து, அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஓர் அரம். ஒரு கொளுக்கி. ஒரு முழம் சங்கிலி. பழுதான சாமானை ஒதுக்குகிறார், என்ன நேர்மையான மனிதர் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கடைசிக் கூறு வந்தது. மெசின், அதன் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த சக்கரம், சில குழாய்கள், ஒரு பழைய தராசுத் தட்டு. மூதூரிலிருந்து வந்திருந்த பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எனக்கு எதிராகக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் விடவில்லை. கடைசியில் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "அக்காவுக்கு ஏதோ நேர்த்திக்கடன் போல" என்று விலகிக்கொண்டார். கூறு எனக்கு விழுந்தது. தம்பி பக்கம் திரும்பிப் பெருமையோடு சிரித்தேன். சிரித்த வாய் மூடுமுன் நானா தன் ஆட்களுக்குக் கண்ணைக் காட்ட, இரண்டு பேர் வந்து என் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"நானா, அது என்ட!"

"ஓம் தங்கச்சி. கூறு ஒங்கட. இது கறிக்கு."

"சக்கரத்தை என்னெண்டு கறி வைப்பீங்கள்?"

முற்றமே சிரித்தது. பிறகுதான் விளங்கியது. கரையில் ஏலம் கூறுகிறவர் கூலி வாங்குவதில்லை. விற்ற ஒவ்வொரு கூறிலும் தன் வீட்டுக் கறிக்கென்று தான் விரும்பிய ஒரு மீனை எடுத்துக்கொள்வார். அதுதான் கரை வழமை. காவலாளியும் அந்த வழமைக்கே பேசியிருந்தார். "வேற கூலி குடுக்கேல்லை அக்கா," என்றார் அவர் பாவமாக. "நீங்களும் ஓம் எண்டனீங்கள்தானே? உங்கட சத்தம்தான் எனக்குக் கேட்டது."

அந்தச் சக்கரத்தின் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. கயிறு கட்டித் தோணிக்கு நங்கூரமாகப் போட அதைவிட நல்ல சாமான் இந்தப் பக்கத்தில் இல்லை என்று நானா காலையிலேயே கண்டு வைத்திருந்தார். தம்பி என் காதுக்குள், "உன்ட ஓமைக் கொஞ்சம் சின்னனாச் சொல்லியிருக்கலாம்" என்றான்.

காசு தருகிறேன் என்றேன். நானாவின் முகம் சுருங்கியது. "கறிக்கு எடுத்தத வித்தா அடுத்த வலை வெறும் வலை, தங்கச்சி. என்ட வாப்பாவும் வித்ததில்ல." அப்படியென்றால் முழுக் கூறையும் எடுத்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் தாருங்கள் என்றான் தம்பி. மாற்றவும் ஏலாது என்றார். அது மீன் இல்லை, இரும்பு என்று நான் வாதாடினேன். அவர் நிதானமாக வெற்றிலையை மடித்தபடி, "என்ட கைக்கு வந்தா எல்லாம் மீன்தான்" என்றார்.

நான் அப்படியே ஒரு சாக்கின் மேல் இருந்துவிட்டேன். ஈரச் சாக்கு. சேலை நனைந்தது. தம்பி வேறு யாரிடமும் சொல்லாததை அங்கே வைத்து மெல்லச் சொன்னான்: "இண்டைக்கோ நாளைக்கோ தண்ணி போகாட்டி, கிண்டுறதுக்கு அங்க ஒண்டும் இல்லை, நானா. விதை வெங்காயமே கடனுக்கு எடுத்தது."

நானா வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் கடல் தகரத் தகடு மாதிரி மினுங்கியது. அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"விக்க ஏலா. மாத்த ஏலா. சும்மா தூக்கித் தந்தா என்ட ஆக்கள் கேப்பாங்க. பங்கு எண்டா வேற கதை. கயிறு புடிச்சவனுக்குப் பங்கு இரிக்கி. நாளைக்கு விடிய வலை இழுக்கிற. சக்கரத்தயும் பங்கில போடுறன்." பிறகு என் நனைந்த சேலையையும் காலில் இருந்த சப்பாத்தையும் பார்த்து, "வருவீங்களா?" என்றார்.

இந்த முறை எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் ஓம் சொன்னேன். கேட்டும் பயன் இல்லை என்பது அடுத்த நாள் தெரிந்தது.

விடியத் தம்பியும் நானும் கரைக்குப் போனபோது வலை கடலில் இருந்தது. அதன் இரண்டு கயிறுகளும் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கரைக்கு வந்திருந்தன. ஒவ்வொரு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, பின்னால் சாய்ந்து சாய்ந்து, கடலைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணலில் நட்ட தடியில் ஒரு போன் தொங்கிப் பாட்டுப் பாடியது. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். தும்புக் கயிறு. ஈரமும் உப்பும் ஊறியது. பிடித்த உடனேயே உள்ளங்கைத் தோலோடு கதைக்கத் தொடங்கியது.

எனக்கு முன்னால் நின்றவர் தோள் அகன்ற, சிரிப்பை மீசைக்குள் வைத்திருக்கிற மனிதர். திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அது கயிறு. உடுப்புக் காயப்போடுற கொடி இல்ல. புடிச்சா இழுக்கோணும்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இழுத்தேன். காற்று, கடல், சூரியன் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கிறேன் என்று ஒரு வெறி. நடுவயதில் உடம்புக்கு இப்படி ஒரு சந்தோசம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பின்னுக்குப் பின்னுக்கு நடந்தேன். அங்கேதான் பிழை. வரிசையின் கடைசிக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னுக்கு ஓடி, தண்ணீர் ஓரத்தில் மறுபடியும் பிடிக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லோரும் ஒவ்வொருவராய் முன்னுக்குப் போய்விட, நான் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் நுனியைத் தோளில் சுற்றி இழுத்துக்கொண்டே போனேன். முதுகில் ஏதோ முட்டியது. நானாவின் சைக்கிள். நான், சைக்கிள், சைக்கிளில் மாட்டியிருந்த தேத்தண்ணீர்ப் போத்தல், எல்லாம் ஒன்றாக மணலில் படர்ந்திருந்த அடம்பன் கொடிக்குள் விழுந்தோம்.

"அக்கா திரியாய்க்கே வலையக் கொண்டு போறா!" என்று யாரோ கத்தினார்கள்.

"வலை கோணுது! இந்தப் பக்கம் மெல்ல, மெல்ல!" என்று நானா அடுத்த கயிற்றுக்காரரைப் பார்த்தும் என்னைப் பார்த்தும் கைகளை வீசினார். தம்பி சிரித்த சிரிப்பில் அவனும் கயிற்றை விட்டுவிட்டான்.

வலை கரைக்கு வந்தது. வலையின் மடியை அவிழ்த்தபோது கண்ணாடி போல வழுவழுத்த சொறி, அந்த ஜெல்லிமீன்தான் அரைவாசி. தொட்டால் கை கடிக்கிற சாமான், கறிக்கும் உதவாது. மிச்சம் சூடை மீன். அதுவும் தாராளம் இல்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் பாட்டையும் திரும்பப் போடவில்லை. விற்கிற மீனை நானா ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார். இழுத்தவர்களின் பங்கைச் சின்னச் சின்னக் கூறாக மணலில் வரிசையாக வைத்தார். வரிசையின் கடைசியில், மீன்களின் நடுவே ஒரு பெரிய திருக்கை படுத்திருப்பது மாதிரி, என் சக்கரம்.

நான் நேரே போய் அதைத் தொட்டேன். "கைய எடுங்க தங்கச்சி," என்றார் நானா. "அடையாளம் போடணும்."

பங்கை யாரும் தெரிந்தெடுக்க ஏலாதாம். ஆளுக்கொரு அடையாளம் கொடுக்க வேண்டும். லைட்டர், செருப்பு, சிப்பி, சாவி. கடலைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்ற ஒருவர் அவற்றை வாங்கி, எது யாருடையது என்று தெரியாமல் ஒவ்வொரு பங்கின் மேலும் ஒன்றொன்றாக வைப்பார். "சக்கரத்த ஒங்களுக்கெண்டு நான் தூக்கித் தந்தா, நாளைக்கு இன்னொருத்தன் பெரிய மீன் தனக்கெண்டு கேப்பான்," என்றார் நானா. நான் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தேன். அவன் சிரிப்பு போய்விட்டிருந்தது. வெயில் ஏறுவதை அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெயில் இப்போது அவன் பாத்திகளின் மேலும் ஏறிக்கொண்டிருக்கும்.

என் கிளிப் சூடை மீன் கூறு ஒன்றின் மேல் விழுந்தது. தம்பியின் சாவி இன்னொன்றின் மேல். சக்கரத்தின் மேல் ஒரு தேய்ந்த செருப்பு.

மீசைக்குள் சிரிக்கிற மனிதர் நடந்து வந்து, தன் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, சக்கரத்தின் மேல் சாவகாசமாகக் குந்தினார். "நல்ல கதிரை," என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. "பங்குக்குப் பங்கு மாத்தலாமோ?" என்று நானாவைக் கேட்டேன். கேட்கும்போதே, இதுவும் ஏலாது என்று சொன்னால் நான் கடலுக்குள் இறங்கிப் போய்விடுவேன் என்று நினைத்தேன்.

"அது ஒங்களுக்கும் அவருக்கும் உள்ள கதை. எனக்கென்ன?"

மீசைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத வச்சு என்ன செய்யப் போறீங்க? வீட்டில அலங்காரத்துக்கா?"

"வெங்காயத்துக்கு," என்றான் தம்பி. "மெசின் நிண்டுபோச்சு. எரியுது எல்லாம்."

அவர் சட்டென்று எழும்பிவிட்டார். "வெங்காயத்துக்கா? அத முதலே சொல்றதில்லையா? நான் நினைச்சன், அக்கா இரும்பு சேக்கிற ஆளெண்டு." என் வீட்டுக்காரர் அங்கே இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. மீசைக்காரர் என் கூறை மட்டும் சாரத் தலைப்பில் அள்ளிக்கொண்டார். தம்பி தன்னுடையதையும் நீட்ட, வேண்டாம் என்றார். "ஒரு பங்குக்கு ஒரு பங்குதான். ஆனா வெங்காயம் கிண்டினா ஒரு கட்டு என்ட வீட்டுக்கு." உடனே அடுத்தவர், "எனக்கும்." மற்றவர், "கோணின வலைக்கு எனக்கு ரெண்டு கட்டு." தம்பி எல்லோருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே போனான். எங்கள் குடும்ப வருத்தம் அது.

சக்கரத்தை அவர்களே, நாங்கள் வாடகைக்குப் பிடித்து வந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் தூக்கி ஏற்றினார்கள். அன்று மத்தியானமே அது கிணற்றடியில் சுழன்றது. முதல் தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்து பாத்திக்குள் விழுந்தபோது, தம்பி அதில் காலை வைத்துக்கொண்டு நின்றான். வெங்காயம் முழுவதும் தப்பவில்லை. விதைக் கடன் கட்டவும் கரைக்குக் கட்டுக் கட்டாய் அனுப்பவும் போதுமான அளவு தப்பியது.

எதற்கு என்று கேட்டுவிட்டு ஓம் சொல்கிற பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கயிற்றை நான் பிடித்திருக்க மாட்டேன் என்று நினைக்கும்போது, வராததே நல்லது என்று படுகிறது. காசு நீட்டியபோது முகம் சுருக்கிய அந்தக் கரை, நான் கொடிக்குள் கிடந்ததைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான் என்னைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு, பங்கு என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்குக் கை எரிவதோடு மனமும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

அன்று கரையில் லாண்ட்மாஸ்டர் புறப்படும்போது நானா பெட்டிக்குக் கிட்ட வந்தார். தன் சைக்கிளின் வளைந்த பெடலைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"தங்கச்சி, அடுத்தமுறை வலை இழுக்க வாறதெண்டா முதல் நாளே சொல்லியனுப்புங்க. நாங்க நீங்க வாறத்துக்கு முந்தி இழுத்து முடிச்சு வைக்கிறம்."